குரூப் பாலிசியில் விண்டோஸ் அப்டேட்: தாராளமாக நம்பலாம்

ஆபீஸில் டொமைன் (எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் நெட்வொர்க் அமைப்பு) இருந்தும் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் அப்டேட் போடுகிறவர்கள், முதலில் குரூப் பாலிசியில் (அந்த மெஷின்களுக்கெல்லாம் ஒரே இடத்திலிருந்து செட்டிங் போடும் விண்டோஸ் வசதி) உள்ள விண்டோஸ் அப்டேட் பகுதியைத் திறந்து பாருங்கள். தனியாக எதுவும் வாங்க வேண்டாம். எனக்கு ரொம்பப் பிடித்தது தள்ளிப்போடும் வசதிதான்: மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை 30 நாள் வரை, பெரிய பதிப்பு மாற்றத்தை 365 நாள் வரை தள்ளலாம் என்பதால், நாலைந்து மெஷின்களுக்கு மட்டும் முதலில் விட்டு, பிரிண்டரும் கணக்கு சாஃப்ட்வேரும் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் மற்றவர்களுக்கு நிதானமாகத் திறந்துவிடலாம். அதற்காக 30 நாளையும் முழுசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதுகாப்பு ஓட்டை ஊருக்கே தெரிந்த பிறகு அவ்வளவு நாள் அடைக்காமல் விடுவது ஆபத்து, ஒரு வாரம் தாராளம். இத்தனை நாளுக்குள் அப்டேட்டும் ரீஸ்டார்ட்டும் முடிய வேண்டும் என்று கெடு வைக்கும் டெட்லைன் பாலிசியும் கட்டாயம் வையுங்கள், இல்லையென்றால் ரீஸ்டார்ட் பண்ணாமலே நாளைக் கடத்துவார்கள்.

பெரிய குறை, ரிப்போர்ட் கிடையாது. எந்த மெஷினில் அப்டேட் ஏறவில்லை என்று இது சொல்லாது. ஆபீஸிலேயே வைத்துக்கொள்ளும் மைக்ரோசாஃப்ட் அப்டேட் சர்வரான டபிள்யூஎஸ்யூஎஸ் (WSUS) சொல்லும், நாம் அப்ரூவ் செய்ததை மட்டும்தான் இறக்கவும் விடும். ஆனால் அதில் இனி புது வசதி எதுவும் வராது என்று 2024 செப்டம்பரிலேயே மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் சரி, ஓடட்டும். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.