கரன்ட் போனாலும் தாங்குவது எது? மிதக்கும் ரிக்கில் அலைக்கு ஈடுகட்டும் கருவிகள்

காட்பாடிப் பக்கம் போர் போட வரும் திருச்செங்கோட்டு வண்டி ஜாக்கி ஊன்றிவிட்டால் அசையாது. கடலில் மிதந்தபடி எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்குக்கு ஊன்ற இடமில்லை. முன்பின், பக்கவாட்டு நகர்வை த்ரஸ்டர் எனும் தள்ளுவிசிறிகள் பிடித்துக்கொள்ளும். ஹீவ் எனப்படும் மேல்கீழ் ஆட்டத்தைப் பிடிக்க முடியாது, ஈடுதான் கட்டலாம். இல்லாவிட்டால் துளையிடும் முனையான பிட் பாறையை விட்டு எழும்பி மறுபடி குத்தும்.

வேலூர், ராணிப்பேட்டையிலிருந்து ரிக் வேலைக்குப் போகிறவர்கள் மூன்று வகையைப் பார்ப்பார்கள். ரோப்பில் ஏறி இறங்கும் கப்பித்தொகுதியான டிராவலிங் பிளாக்குக்கும், குழாய்த்தொடர் தொங்கும் ஹூக்குக்கும் நடுவே சிலிண்டர் தொங்குவது பழைய வகை. எளியது, ஆனால் பிளாக்கோடு சேர்ந்து ஹோஸ்களும் நாள் முழுக்க ஏறி இறங்கும். இப்போது போட்டி மற்ற இரண்டுக்கும்தான்: டெரிக் எனும் கோபுரத்தின் உச்சியில் கிரவுன் பிளாக்கை (மேல் கப்பித்தொகுதியை) சிலிண்டரில் ஏற்றிவைக்கும் வகை, கப்பலின் அசைவைச் சென்சாரில் அளந்து டிராவொர்க்ஸ் எனும் ரோப் சுற்றும் வின்ச்சின் டிரம்மையே முன்னும் பின்னும் சுழற்றும் வகை. என் கை கிரவுன் பக்கம்.

டிராவொர்க்ஸ் வகையில் டெரிக் உச்சியில் கூடுதல் எடை இல்லை, துல்லியமும் அதிகம். ஆனால் வயர் ரோப் தேயும். கப்பிகளுக்கிடையே 12 வரிசையாக ஓடும் ரோப்பில் 3 மீட்டர் ஹீவ் என்றால் டிரம் 36 மீட்டர் விட்டு 36 மீட்டர் சுற்ற வேண்டும். 10 விநாடிக்கு ஓர் அலை என்றால் நாளுக்கு 8,640 தடவை, அதுவும் ரோப்பின் அதே பகுதி அதே கப்பியில் மடங்கி. ரோப்பை வெட்டி நகர்த்தும் வேலை சீக்கிரமே வந்துவிடும்.

அதைக்கூடப் பொறுக்கலாம். முடிவைத் தீர்மானிப்பது கரன்ட். கிணற்றைச் சோதிக்கும்போது குழாய்த்தொடர் கடலடியில் பூட்டப்பட்டிருக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் பிரேக் விழுந்து டிரம் நின்றுவிடும், கப்பல் நிற்காது. 1,500 மீட்டர் ஆழத்தில் 3 மீட்டர் இழுத்தால் எஃகில் சுமார் 400 மெகாபாஸ்கல் கூடும். 500 மீட்டரில் அது 1,200. எஸ்-135 எனும் உயர்வலிமை எஃகுப் பைப்பின் ஈல்டு வலிமையே (நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவே) 931 தான். ரோப்பின் நெகிழ்வு கொஞ்சம் தணிக்கும், ஆனால் காப்பாற்றாது. கப்பல் இறங்கும்போதோ பைப் வளைந்து நெளியும்.

கிரவுன் வகையில் சுமையைத் தாங்குவது அழுத்திய வாயு. அதற்குக் கரன்ட் வேண்டாம். ஒரு கணக்கு: 150 டன் சுமை, 5,000 லிட்டர் வாயு, சிலிண்டரில் மீட்டருக்கு 66 லிட்டர். 1.5 மீட்டர் அசைவில் வாயுவின் கொள்ளளவு 2 சதவீதம் மாறும், அழுத்தம் 2.8 சதவீதம், சுமை 4 டன். பைப் அறாது. ஆனால் பிட் மேல் 10 டன் வைத்துத் துளையிடுகிறவருக்கு 4 டன் பெரிய ஆட்டம்; அதோடு சீல் உராய்வும் சேரும். அதனால்தான் கூடவே, கரன்டில் இயங்கி அந்த ஆட்டத்தைத் திருத்தும் ஓர் ஆக்டிவ் சிலிண்டரைச் சேர்க்கிறார்கள். கரன்ட் போனால் அது மட்டும் ஓயும், வாயு தாங்கிக்கொண்டே இருக்கும்.

துளையிடல் மட்டுமே, கடலடியில் பூட்டும் வேலை இல்லை என்றால் என் வாதத்தின் கனம் குறையும், டிராவொர்க்ஸே போதும்.

கிரவுன் வகைக்கும் பராமரிப்பு உண்டு. சிப்காட்டில் ஹைட்ராலிக் சிலிண்டர் பிரித்த கைக்குத் தெரியும்: ராடின் குரோம் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் சீல் கிழியும். இங்கே அதை டெரிக் உச்சிக்கு ஏறித்தான் பார்க்க வேண்டும். பிஸ்டனை நடு ஸ்ட்ரோக்கில் வையுங்கள். கடல் ஏற்றவற்றம் அதை மெல்ல நகர்த்தும். இன்னொன்று, பைப் அறுந்தால் சுமையிழந்த பிஸ்டனை வாயு மேலே வீசிவிடும். அந்த வேகத்தைத் தடுக்கும் வால்வைச் சோதிக்காமல் குழாயைப் பூட்டக் கூடாது.