ஒரே கம்பியில் இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி
தாம்பரத்தில் புது வீட்டுக்குக் குடிவந்ததும், இணையம், தரைவழித் தொலைபேசி, தொலைக்காட்சி மூன்றையும் ஒரே ஃபைபர் கம்பியில் (ஒளி வழியே தகவலைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழை) தரும் திட்டத்தை எடுத்தோம். பொருத்த வந்த இளைஞர் சுவரைச் சிதைக்காமல், கம்பியை எங்கும் கூர்மையாக மடிக்காமல் (மடித்தால் ஒளி கசிந்து இணைப்பு பலவீனமாகும்) வரவேற்பறை வரை பொறுமையாகக் கொண்டுவந்தது பாராட்டத்தக்கது. வேகத்தில் குறையில்லை, சமையலறைச் சுவரைத் தாண்டினால் மட்டும் வேகமான, ஆனால் சுவரைத் தாண்டினால் வலுவிழக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையிலிருந்து, வேகம் குறைந்தாலும் தூரம் எட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற வேண்டியிருக்கிறது.

ஆனால் விற்பனையாளர் சொல்லாத ஒன்று உண்டு. பழைய செப்புக்கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்ததால், வீட்டில் மின்தடை ஏற்பட்டாலும் அது ஒலித்தது. இதிலோ மின்சாரம் போய், இணைப்பைத் தரும் மோடம் அணைந்தால் மூன்றும் ஒருசேர நின்றுவிடுகின்றன. முதியோர் தனித்திருக்கும் வீடுகளுக்கும் இதை முன்கூட்டியே சொல்லாமல் விற்பது பெருங்குறை. மோடத்துக்கென ஒரு சிறு யுபிஎஸ்ஸையும் (மின்தடையின்போது மின்சாரம் தரும் பேட்டரிக் கருவி) சேர்த்து வாங்குபவர்களுக்கே இத்திட்டத்தைப் பரிந்துரைப்பேன்.