மாலை மையமா, கோடை முகாமா?

ஊர் அமைப்பு ஒன்றிடம் ஓராண்டுக்கு ஒரு திட்டத்திற்கான பணமே இருக்கும்போது, பள்ளி விட்டபின் நடத்தும் மாலை மையத்தையா, மே மாதக் கோடை முகாமையா தேர்வது என்ற கேள்வி எழுகிறது.

மாலை மையத்தின் பலம் தொடர்ச்சிதான். 2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களே, பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் பாடம் நடத்தினர். கோயில் மண்டபத்திலோ வீட்டுத் திண்ணையிலோ பாய் விரித்து அமரும் குழந்தை இரண்டு நாள் வராவிட்டால், தன்னார்வலர் அதன் வீட்டு வாசலுக்கே போய் அழைக்க முடிகிறது. ஆனால் மறுநாள் வீட்டுப்பாடம் அந்த நேரத்தை விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. அப்போது அது இன்னொரு டியூஷன்தான்.

கோடை முகாமில் அந்த நெருக்கடி இல்லை. தொலைநோக்கியில் நிலவைப் பார்ப்பதற்கும், நாடகம் போடுவதற்கும், கிணற்றில் நீச்சல் பழகுவதற்கும் அங்கே நேரம் கிடைக்கிறது. எனினும் பத்து நாளில் முகாம் முடிந்ததும் நடத்துபவருக்கும் குழந்தைக்குமான உறவு அறுந்துவிடுகிறது. பள்ளி மூடியிருப்பதால் சத்துணவும் கிடைக்காத நாட்கள் அவை. ஆகவே மதியச் சோறு போடாத முகாமை ஏழைப் பிள்ளைகளுக்கான முகாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் தேர்வு மாலை மையமே, வாரத்தில் ஒரு நாளாவது பாடப்புத்தகத்தை மூடிவைத்தால்.