ஏழு வருஷம் சந்தா கட்டிய பிறகு: எங்கள் குதிரையேற்றச் சங்கம் எப்படி?

"சேரலாமா?" என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். என் மகள் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் படத்தை வாட்ஸ்அப் முகப்பில் வைத்ததன் பலன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். சங்கத்தின் பெயரையோ ஆட்களின் பெயரையோ போடவில்லை. யாரையும் சந்திக்கு இழுப்பது நோக்கமில்லை. இன்றைக்கும் நான் அங்கேதான் பணம் கட்டுகிறேன்.

நாங்கள் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பம். லாயம் இருப்பது புதுச்சேரிக்கு வெளியே, ஒரு சவுக்குத் தோப்பை ஒட்டி. 2018 ஜூனில் சேர்ந்தபோது பெண்ணுக்கு ஒன்பது வயது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடிவதற்கு முன்பே கிளம்பி, தமிழ்நாடு-புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டும்போது கிழக்கு வெளுக்கும். ஆறரைக்கு முதல் பேட்ச். இந்த ஏழு வருஷத்தில் ஓட்டியதைக் கணக்குப் போட்டால் காசிக்குப் பல முறை போய் வந்திருக்கலாம் என்பார் என் கணவர். அவர் ஒருநாளும் ஓட்டியதில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். அங்கே குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் விதத்தில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. முதல் மூன்று வாரம் பிள்ளையைக் குதிரைமேல் ஏற்றவே இல்லை. முல்லை என்று ஒரு மார்வாரிக் கலப்புக் குதிரை. காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனி தொட்டுக்கொள்கிற மாதிரி இருக்கும். அதன் குளம்பைச் சுத்தம் செய்வதுதான் பாடம். அங்கே இருபது வருஷமாக இருக்கும் குதிரைக்காரர் ஒருவர், எல்லாருக்கும் அண்ணன்தான், என் பெண்ணின் கையைப் பிடித்து முல்லையின் தோளிலிருந்து முன்னங்கால் வழியாக மெல்லக் கீழே இறக்கிக் காட்டினார். "இழுக்காத பாப்பா. நீ கேளு, அதுவே குடுக்கும்." கணுக்காலுக்கு மேலே விரல் அழுந்தியதும் முல்லை காலைத் தூக்கிக் கொடுத்தது. பெண் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கே அந்த மாதத்துக் கட்டணம் சரியாகிவிட்டது.

ஊறவைத்த கொள்ளு, தவிடு, ஓட்ஸ், பக்கத்து வயலில் வளர்க்கும் குதிரைமசால் எல்லாம் நேரத்துக்கு வந்துவிடும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்றிவிடுவார்கள். ஹெல்மெட் இல்லாமல் சேணத்தில் உட்கார யாருக்கும் அனுமதியில்லை. செயலாளரின் சொந்தப் பேரனையே ஒருநாள் இறக்கிவிட்டார்கள். மழைக்காலத்தில் வயிற்றுவலி வந்த ஒரு குதிரையை அந்த அண்ணன் இரவு முழுக்கக் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டே இருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். லாயத்தில் முட்டிவரை தண்ணீர். நாங்கள் கடலூரில் மாட்டிக்கொண்டு போனில்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். எழுபதை நெருங்கும் செயலாளர் இருட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, குதிரைக்காரர்களோடு சேர்ந்து ஒவ்வொரு குதிரையாக ஒரு அரிசி ஆலைக் கொட்டகைக்கு நடத்திப் போயிருக்கிறார். ஒன்றுக்கும் ஆபத்தில்லை. அந்த மனிதரைத்தான் இனிமேல் குறை சொல்லப்போகிறேன் என்பதால் இதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

சரி, நிர்வாகம்.

ஐந்து வருஷம் எனக்கு நிர்வாகம் என்று ஒன்று இருப்பதே கண்ணில் படவில்லை. பணம் கட்டுவோம், ரசீது வாங்குவோம். மாதப் பயிற்சிக் கட்டணம் 4,500. வருஷச் சந்தா 2,000. ரசீதில் "உறுப்பினர் எண்" என்று ஒரு கோடு போட்டிருக்கும், அது எப்போதும் காலியாகவே இருக்கும். நானும் கேட்டதில்லை. கேஸ் சிலிண்டர் புத்தகத்தில்கூட எண்ணைச் சரிபார்க்கிற ஆள் நான், இதை மட்டும் எப்படி விட்டேன் என்று தெரியவில்லை.

2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் டிரெஸ்ஸாஜ் (குதிரையை அசைவு அசைவாக நளினமாக நடத்திக் காட்டும் போட்டி) அணிப் பிரிவில் இந்தியா தங்கம் வாங்கியது. சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹ்ருதய் விபுல் சேடா, அனுஷ் அகர்வல்லா என்று நால்வர். 1982 டெல்லிக்குப் பிறகு, 41 வருஷம் கழித்துக் குதிரையேற்றத்தில் வந்த தங்கம். அடுத்த வாரமே எங்கள் லாயத்து வாசலில் கார்கள் வரிசை கட்டின. அந்த நால்வரும் வருஷக்கணக்கில் ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி எடுத்தவர்கள் என்பதை யாரும் புதிதாக வந்தவர்களிடம் சொல்லவில்லை. பேட்ச் இரண்டிலிருந்து நாலானது. குதிரைகளின் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருந்தது. பழைய ஆட்களுக்கு முணுமுணுப்பு வந்தது இங்கேதான். ஒரு குதிரை ஒரு காலையில் எத்தனை பிள்ளைகளைச் சுமக்கலாம் என்று ஒரு வரம்பு எழுதி வையுங்கள் என்றோம். "நாங்க பாத்துக்கறோம் மேடம்" என்றார்கள்.

அதைக் கேட்கத்தான் 2024 ஜனவரியில் முதல்முறையாகப் பொதுக்குழுவுக்குப் போனேன். ஐம்பது நாற்காலி, ஒரு மைக், ஆளுக்கொரு சமோசா. பொருளாளர் வரவு செலவு வாசித்தார். அதிகம் போனால் நாலு நிமிஷம். தீவனம், மருந்து, சம்பளம் எல்லாம் சரி. "இதரச் செலவு" என்ற தலைப்பு மட்டும் தீவனத்தைவிடப் பெரிதாக இருந்தது. அச்சடித்த பிரதி கேட்டால் குதிரைக்கொம்புதான். அரியாங்குப்பத்திலிருந்து வரும் ஒரு டாக்டரம்மா எழுந்து, இதரம் என்றால் என்ன என்று கேட்டார். பதில் வருவதற்குள் "ஏகமனதாக நிறைவேறியது" என்று மைக்கில் வந்துவிட்டது. இல்லையில்லை, ஓட்டுக்கு விடுங்கள் என்று பின்வரிசையில் சத்தம் போட்டோம். கை தூக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கம் கை அதிகம். அலுவலகப் பையன் எண்ணிக்கொண்டே வந்தவன் என்னைத் தாண்டிப் போனான்.

"தம்பி, என் கையை எண்ணலையே."

"உங்க கை கணக்குல வராதுங்க மேடம். நீங்க இணை உறுப்பினர்."

அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். பயிற்சிக்கு வரும் குடும்பங்கள் அத்தனையும் இணை உறுப்பினர்களாம். ஓட்டு என்பது ஆயுள் உறுப்பினர்களுக்கு மட்டும். அவர்களில் பலர் குதிரை ஏறி மாமாங்கம் ஆகியிருக்கும். இரண்டு பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் சார்பில் கடிதம் வருகிறது.

சங்கத்தை நடத்தும் விதிகள் அடங்கிய துணைவிதியின் நகல் கேட்டோம். "அலுவலகத்தில் இருக்கு, தேடணும்" என்று மூன்று மாதம். எங்களில் ஒருவர் ஓய்வு பெற்ற ராணுவத்துக்காரர், விதி என்றால் வரிக்கு வரி படிக்கிறவர். அவர்தான் வழி சொன்னார். கடலூர்க்காரர்களான நாங்கள் தமிழ்நாட்டின் 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தை நினைத்துக்கொண்டிருந்தோம். புதுச்சேரியில் செல்லுபடியாவது 1860-ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டம். அதன் 19-ஆம் பிரிவுப்படி பதிவாளரிடம் தாக்கலான ஆவணங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், உறுப்பினராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சட்டத்தில் எழுதியிருக்கும் கட்டணம் ஒரு ரூபாய்! நகல் வேண்டுமானால் நூறு வார்த்தைக்கு இரண்டு அணா என்று அந்தக் காலத்துக் கணக்கு இன்னமும் அதில் இருக்கிறது. சிரித்துக்கொண்டே போய் விண்ணப்பித்து வாங்கி வந்தார்.

படித்தால், சங்கம் பொய் சொல்லவில்லை. இணை உறுப்பினருக்கு ஓட்டில்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆனால் அதே துணைவிதியில், இரண்டு வருஷம் தொடர்ந்து சந்தா கட்டிய இணை உறுப்பினர் எழுதிக் கேட்டால் சாதாரண உறுப்பினராக மாற்றிப் பரிசீலிக்கலாம் என்று ஒரு வரியும் இருக்கிறது. ஐந்து வருஷத்தில் அதை ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை. என் மொத்தப் புகாரும் இந்த ஒரு வரிக்குள் அடக்கம். பணத்தைத் தின்றார்கள் என்று நான் நினைக்கவில்லை. எங்களை வாடிக்கையாளராக வைத்துக்கொண்டு, பேச்சில் மட்டும் "நம்ம குடும்பம்" என்கிறார்கள். குடும்பம் என்றால் கணக்குக் கேட்கக் கூடாது. வாடிக்கையாளர் என்றால் ஓட்டுக் கேட்கக் கூடாது. எது சௌகரியமோ அது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். போட்டிக்குக் குதிரையை வெளியூர் கொண்டுபோவதென்றால் தாளே ஒரு கட்டு வேண்டும். கிளாண்டர்ஸ் என்ற தொற்று நோய் இல்லை என்று ரத்தப் பரிசோதனைச் சான்று அதில் முக்கியம். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்துக்கு ரத்த மாதிரி போய்வர வேண்டும். 2024-இல் பெங்களூர் போட்டிக்கு ஆறு பிள்ளைகள் பெயர் கொடுத்திருந்தோம். மாதிரி அனுப்ப வேண்டியது யார் வேலை என்று எங்கும் எழுதவில்லை. பயிற்சியாளர் செயலாளர் என்று நினைத்தார், செயலாளர் கால்நடை மருத்துவர் என்று நினைத்தார். கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போதுதான் தெரிந்தது. பயணம் ரத்து. நுழைவுக் கட்டணம் திரும்ப வராது என்றார்கள். அதோடு விட்டார்களா, லாரிக்குக் கொடுத்த முன்பணத்தையும் பெற்றோர் தலையில் பங்கு போட்டார்கள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்ற கதைதான். என் பெண் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. வண்டியில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, கன்னியக்கோயில் வரும்வரை அதன் பட்டையைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டே வந்தாள்.

இன்னொன்று தேர்வுப் போட்டி. 80 செ.மீ. தாண்டும் பிரிவு. கம்பம் ஒன்று விழுந்தால் 4 குறைப்புள்ளி, எல்லாருக்கும் ஒரே கணக்கு, அதில் சூது செய்ய முடியாது. ஆனால் எந்தத் தடைக்கும் எந்தத் தடைக்கும் எத்தனை அடி தூரம் என்று களம் அமைத்தவர், தனியாகக் காசு வாங்கிக்கொண்டு நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். முந்தின நாள் சாயங்காலம் அந்த நால்வரும் பின்பக்க மைதானத்தில் அதே இடைவெளியில் தாண்டிப் பழகியதை என் பெண் பார்த்திருக்கிறாள். மறுநாள் களத்தை நடந்து அளந்தபோதுதான் அவளுக்கே புரிந்தது. "அம்மா, தடைக்கு நடுவுல குதிரைக்கு அதே நாலு எட்டும்மா." புகார் கொடுத்தோம். அவர் நல்லவர், அப்படிச் செய்ய மாட்டார் என்று வாய்மொழியாகப் பதில். அவர் நல்லவர்தான். வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார் என்று நானும் நம்புகிறேன். பயிற்சி கொடுப்பவரே களமும் போடக் கூடாது என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அவர் நல்லவரா இல்லையா என்று நாங்கள் பேச வேண்டியதே இல்லையே.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஒரு மூத்த ஆயுள் உறுப்பினர் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க பொண்ணு காலேஜ் போனதும் போயிடுவீங்கம்மா. குதிரை இருபத்தஞ்சு வருஷம் இருக்கும். அதுக்குத் தீனி போடறது யாரு?" கொரோனா ஊரடங்கில் முள்ளோடையைத் தாண்ட இ-பாஸ் இல்லாமல் நாங்கள் வீட்டில் கிடந்தபோது பாதிப் பெற்றோர் கட்டணத்தை நிறுத்திவிட்டார்கள். தீவனத்துக்குக் கைக்காசு போட்டவர்கள் இந்த ஆயுள் உறுப்பினர்கள்தான். அவர் கேட்டதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. ஆனால் போய்விடப் போகிறவர்கள் என்பதற்காக இருக்கிற ஏழு வருஷமும் கை இல்லாமல் உட்காரச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. குதிரைக்காரர்கள் இருபது வருஷமாக இருக்கிறார்களே, அவர்களில் ஒருவரைக்கூடச் செயற்குழுவுக்குக் கூப்பிட்டதில்லையே என்று கேட்டேன். தேநீர் ஆறிவிட்டது என்று எழுந்துகொண்டார்.

நம் ஊரில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். தேசியக் குதிரையேற்றச் சம்மேளனத்திலேயே ஓட்டு கிளப்புகளுக்கா, மாநிலச் சங்கங்களுக்கா என்ற சண்டை டெல்லி உயர் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், தேசிய அமைப்புகளின் செயற்குழுவில் விளையாட்டு வீரர்களும் பெண்களும் இருந்தாக வேண்டும் என்கிறது. எங்கள் மாதிரிச் சின்னச் சங்கத்துக்கு அந்தக் காற்று எப்போது வந்து சேருமோ.

ஆக, சேரலாமா? பிள்ளைக்குக் குதிரை பழக வேண்டும், விலங்கிடம் பயமும் மரியாதையும் வர வேண்டும் என்றால் தாராளமாகச் சேருங்கள். போட்டிக்கு என்றால் எல்லாத் தேதியையும் நீங்களே காலண்டரில் எழுதிவைத்து, ஒரு மாதம் முன்னாலிருந்தே ஆளைப் பிடித்துக் கேளுங்கள். பணம் கட்டும் முன் துணைவிதி நகல் கேளுங்கள். எந்த வகை உறுப்பினர் என்று ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் கொஞ்சம் சுருங்கும். பரவாயில்லை, எழுதித் தருவார்கள். இந்த வருஷம் எனக்கு எழுதித் தந்தார்கள்: "இணை."

சாதாரண உறுப்பினராக மாற்றக் கேட்டுப் பதினெட்டு குடும்பங்கள் கையெழுத்துப் போட்ட கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை கேட்டபோது மை காய்ந்துவிட்டது என்றார்கள். டாக்டரம்மா கைப்பையிலிருந்து தன் கிளினிக் மைப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். முத்திரை விழுந்தது. அடுத்த பொதுக்குழு ஜனவரியில்.