பிட்ஸ்பர்க்கா, டல்லாஸா? மூன்று சூப்பர் பௌல்களின் கணக்கு

அமெரிக்கக் கால்பந்தின் சாம்பியனைத் தீர்மானிக்கும் சூப்பர் பௌலில் மூன்று முறை மோதிய ஜோடி ஒன்றுதான்: பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், டல்லாஸ் கௌபாய்ஸ். 1976-இல் 21-17, 1979-இல் 35-31, இரண்டும் பிட்ஸ்பர்க்குக்கு. 1996-இல் 27-17, டல்லாஸுக்கு. ஆக 2-1. ஆனால் புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள்: டல்லாஸ் 75, பிட்ஸ்பர்க் 73. இந்த இரண்டு புள்ளியைப் பிடித்துக்கொண்டே டல்லாஸ் ரசிகர் ஒருவர் ராத்திரி முழுக்க வாதாடலாம்.

பிட்ஸ்பர்க் இரும்பாலை ஊர். 1933-இல் ஆர்ட் ரூனி தொடங்கிய அணிக்கு நாற்பது வருஷம் கோப்பையின் வாசனையே தெரியாது. 1960-இல் பிறந்த டல்லாஸோ 1972-இலேயே கோப்பையைத் தூக்கிவிட்டது. கல்லூரி வீரர்களை எடைபோட அறுபதுகளிலேயே கம்ப்யூட்டரைக் கொண்டுவந்த அணி அது. ஆனாலும் ஆள் பிடிப்பதில் என் ஓட்டு பிட்ஸ்பர்க்குக்குத்தான். 1974-இல் அது தேர்ந்தெடுத்த ஸ்வான், லாம்பர்ட், ஸ்டால்வொர்த், வெப்ஸ்டர் நால்வருமே பின்னாளில் இந்த ஆட்டத்தின் ஜாம்பவான்களுக்கான ‘ஹால் ஆஃப் ஃபேம்’ போனார்கள். ஒரே ஆண்டில் நால்வர் என்பது வேறெந்த அணிக்கும் வாய்க்கவில்லை.

விளம்பரத்தில் டல்லாஸை அடிக்க ஆளில்லை. ‘அமெரிக்காவின் அணி’ என்ற பட்டம் 1978 பருவத்தின் தொகுப்புப் படத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. பிட்ஸ்பர்க்கிடம் தோற்று முடிந்த பருவம் அது என்பதுதான் வேடிக்கை.

1976 ஆட்டம் லின் ஸ்வானுடையது. இரண்டு வாரம் முன்பு தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர், நான்கே பந்துகளைப் பிடித்து 161 கெஜம் சேர்த்தார். சரி, அதை விடுங்கள். பேச வேண்டியது 1979.

ஆட்டத்துக்கு முன்பே டல்லாஸின் ஹென்டர்சன் வாயைத் திறந்துவிட்டார். ‘கேட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் கொடுத்தால்கூட பிட்ஸ்பர்க்கின் பந்து வீசும் தலைவர் பிராட்ஷாவுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது என்று கேலி. பிராட்ஷா 318 கெஜம் வீசி, நான்கு டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது) கொடுத்து, ஆட்ட நாயகன் விருதோடு வீடு போனார்.

மூன்றாவது கால்பகுதியில் பிட்ஸ்பர்க் 21-14 என முன்னிலை. எல்லைக்கோட்டைத் தாண்டித் தன்னந்தனியாக நின்ற டல்லாஸின் ஜாக்கி ஸ்மித்துக்கு, அதே அணியின் பந்து வீசும் தலைவர் ஸ்டௌபாக் பந்தை மெதுவாகப் போட்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே கைக்கு எட்டியது கையிலேயே நிற்கவில்லை. ஏழு புள்ளி வந்திருக்க வேண்டிய இடத்தில் பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைக்கும் பீல்டு கோல் மூன்றோடு சரி. போன புள்ளி நான்கு, தோற்றதும் நான்கில். அன்றிலிருந்து பழி முழுக்க அந்த 38 வயது மனிதர் தலையில்தான்.

எனக்கு இது நியாயமாகப் படவில்லை. கடைசிக் கால்பகுதியில் பிட்ஸ்பர்க்கின் பிராங்கோ ஹாரிஸ் 22 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். ஆட்டத்தைத் தொடரும் அடுத்த உதையில் பிட்ஸ்பர்க் உதையாளருக்குக் கால் வழுக்கி, பந்து குட்டையாகப் போய் டல்லாஸின் ராண்டி வைட்டிடம் விழுந்தது. அவர் கையில் மாவுக்கட்டு! பந்து நழுவியது, பிட்ஸ்பர்க் அமுக்கிக்கொண்டது, அடுத்த வீச்சிலேயே ஸ்வானுக்கு டச்டவுன். 19 விநாடி இடைவெளியில் இரண்டு டச்டவுன், 35-17. அப்புறம் டல்லாஸ் போராடி எடுத்த 14 புள்ளிதான் தோல்வியை வெறும் நான்காகச் சுருக்கிக் காட்டியது. அந்த மாவுக்கட்டுக் கையை இன்று யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

1996-இல் ஆட்களும் மாறிவிட்டார்கள், கதையும் தலைகீழ். கெஜக் கணக்கில் பிட்ஸ்பர்க் 310, டல்லாஸ் 254. டல்லாஸின் ஓட்டக்காரர் எம்மிட் ஸ்மித்தை 49 கெஜத்தில் கட்டிப்போட்டார்கள். ஆனால் பிட்ஸ்பர்க்கின் நீல் ஓ’டானல் வீசிய இரண்டு பந்துகள் டல்லாஸின் லாரி பிரவுனிடம் போயின. இரண்டுமே டச்டவுனில் முடிந்தன. பிரவுன் எகிறவும் இல்லை, பாயவும் இல்லை. நின்ற இடத்துக்கே பந்து வந்தது, பிடித்துக்கொண்டு ஓடினார்.