சப்டைட்டில் தளத்தில் வீடியோ ஓடவில்லையா? எக்ஸ்டென்ஷனா, வி.எல்.சியா?

யூடியூப் வீடியோவைச் சப்டைட்டிலோடு காட்டும் தளத்தில் வீடியோவுக்குப் பதில் கறுப்புப் பெட்டி வந்தால், கோத்தகிரி மழையையும் சிக்னலையும் உடனே திட்ட வேண்டாம். யூடியூபில் ஏற்றியவர் வெளித்தளங்களில் காட்டுவதை நிறுத்தியிருக்கலாம். வயது வரம்புள்ள வீடியோக்களும் பெரும்பாலான வெளித்தளங்களில் ஓடாது. குக்கீயை அழித்தும் பயனில்லை.

ஒரு வழி, வீடியோவை யூடியூபிலேயே திறந்து, பிரவுசர் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்க்கும் சிறு மென்பொருள்) மூலம் எஸ்.ஆர்.டி என்ற சப்டைட்டில் கோப்பை அதன்மேல் ஓடவிடுவது. எதையும் டவுன்லோடு செய்து வைக்க வேண்டாம். ஆனால் இந்த எக்ஸ்டென்ஷன்களில் பல, திறக்கும் பக்கங்களையெல்லாம் படிக்க அனுமதி கேட்கும். நான் யூடியூப் தளத்துக்கு மட்டும்தான் கொடுப்பேன்.

இன்னொன்று வி.எல்.சி என்ற இலவச வீடியோ பிளேயர். வீடியோ நம் கையில் முறையாகக் கோப்பாக இருந்தால்தான் இது சரிப்படும். எஸ்.ஆர்.டி வெறும் எழுத்துக் கோப்புதான்; மேகம் இறங்கிய மாலையிலும் நொடியில் இறங்கிவிடும். சப்டைட்டில் முந்தினால் கீபோர்டில் ஹெச், பிந்தினால் ஜி; ஒரு தட்டுக்கு 50 மில்லி செகண்டு நகரும். தமிழ் புரியாத குறிகளாகத் தெரிந்தால் கோப்பை யு.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள். ஆரம்பத்தில் பொருந்தி, போகப் போக விலகினால் ஃப்ரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படங்கள் என்பது) வேறு: 23.976க்கு எழுதியது 25இல் ஓடினால் ஒரு மணி நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போகும். அப்போது ஜியும் ஹெச்சும் போதாது, வேறு எஸ்.ஆர்.டி தேடுங்கள்.

கோப்பு இருந்தால் எனக்கு வி.எல்.சிதான். இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன், கூடவே கொஞ்சம் பொறுமை.