விரல் கிளிப், வாட்ச், மெத்தை சென்சார், கேப்னோகிராப்: வீட்டில் மூச்சுக்குக் காவல் எது?

2021 மே கடைசியில் தினசரி கொரோனா எண்ணிக்கையில் கோவை சென்னையையே முந்தியது. அப்போது ஈரோட்டிலும் திருப்பூரிலும், ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்று காட்டும் ஆக்சிமீட்டர் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தால் கடைக்காரர் சொன்னதுதான் விலை. ஜூலையில் மத்திய அரசு ஆக்சிமீட்டர் உட்பட 5 கருவிகளுக்கு வர்த்தக லாபம் 70 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு போட்ட பிறகுதான் விலை கொஞ்சம் அடங்கியது.

கொரோனா ஓய்ந்தாலும் இந்தப் பக்கம் கருவியின் தேவை ஓயவில்லை. பஞ்சாலைகளில் பஞ்சை உதறிச் சிக்கெடுக்கும் புளோ ரூமிலும் கார்டிங்கிலும் காலம் தள்ளியவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் முதலில் திங்கட்கிழமை நோயாகத்தான் வரும்: லீவு முடிந்து வேலைக்குப் போன அன்று நெஞ்சு இறுகும், மற்ற நாளில் தேவலை என்றிருக்கும். ஆண்டுக்கணக்கில் தூசியிலேயே இருந்தால் இளைப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும். கூடவே பீடியும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்டவரை வீட்டில் வைத்துப் பார்க்கிற மகனோ மருமகளோ கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எதை வாங்குவது?

கேள்வியை இரண்டாக உடைத்தால்தான் பதில் கிடைக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமா என்பது ஒன்று. மூச்சு ஒழுங்காகப் போய் வருகிறதா என்பது வேறொன்று. விளம்பரங்களில் இரண்டும் ஒன்றே போலத் தெரியும். நோயாளியின் உடம்பில் அப்படி இல்லை.

விரல் கிளிப், அதாவது விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். ஜப்பானில் நிஹான் கோடன் நிறுவனத்தின் பொறியாளர் தகுவோ அயோயாகி 1974இல் வெளியிட்ட யோசனை இது. 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் பாயும். நாடித்துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, எது எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று பார்த்துக் கணக்குப் போடும். பெட்டியில் ‘துல்லியம் ±2’ என்று இருப்பதை நம்பி 93க்கும் 94க்கும் நடுவே குடும்பமே பதறும். நடைமுறையில் 90 என்று காட்டினால் உண்மை 86 முதல் 94 வரை எங்கும் இருக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே சொல்கிறது. ஒரு தடவை வந்த எண்ணை விட, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் பேசும்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு ஆக்சிமீட்டர் எண்ணையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. கருவி ‘பரவாயில்லை’ என்று காட்டியபோதே உள்ளே ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையர்களை விடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய 3 மடங்கு அதிகம். அடர்ந்த நிறத் தோலில் கருவி கொஞ்சம் கூட்டிச் சொல்லும் என்று பொருள். வெயிலில் கறுத்து, மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலில் 95 வந்தாலும், ஆள் திணறினால் ஆளை நம்புங்கள். நெயில் பாலிஷ், கெட்டியாகப் போட்ட மருதாணி, சில்லிட்ட கை எல்லாமே குழப்பும். புகையும் அப்படித்தான். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தைச் சாதாரண ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே எண்ணிக்கொள்ளும். ஊட்டிக் குளிருக்கு மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டிப் படுத்தவர் மயங்கிக் கிடக்கும்போதும் அது 98 காட்டலாம்.

ஒயர் வைத்த கையடக்க ஆக்சிமீட்டர் விலை சில மடங்கு கூடுதல். அலாரம் அடிக்கும், நாடி அலையைத் திரையில் காட்டும், ராத்திரி முழுக்கப் பதிவு செய்யும். அலை ஒழுங்காக இல்லாவிட்டால் எண்ணையும் நம்ப வேண்டியதில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பெரியவர்கள் கிளிப்பைப் பிஞ்சு விரலில் மாட்டுவது வீண். குழந்தைக்கென்று உள்ள புரோப் (ஒயர் முனையில் மாட்டும் சென்சார்) இந்த வகைக்குத்தான் கிடைக்கும்.

ஸ்மார்ட் வாட்ச் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணிக்கட்டில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துக் கணிக்கிறது. கை அசைந்தால் போச்சு. பெரும்பாலான கம்பெனிகளே ‘மருத்துவ உபயோகத்துக்கு அல்ல’ என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். நடைப்பயிற்சிக்குக் கட்டிக்கொள்ளுங்கள், இளைப்புக்காரருக்கு இதை நம்பி வாங்க வேண்டாம்.

மெத்தைக்கு அடியில் வைக்கும் சென்சார் ஷீட் வேறு ரகம். பெங்களூரின் டோசி இந்த வகையில் பெயர் பெற்றது. இதயம் துடிப்பதாலும் மூச்சாலும் உடம்பில் ஏற்படும் நுண்ணிய அதிர்வைப் பிடித்து, நாடியையும் மூச்சு எண்ணிக்கையையும் சொல்லும். மேலே ஒரு ஒயரும் கிடையாது. மாட்டியதையெல்லாம் பிடுங்கிப் போடுகிற அப்பச்சிகளுக்கு இது வரம். பாயில்தான் தூக்கம் வரும் என்கிற அமுச்சியை முதலில் கட்டிலுக்கு மாற்றுவது உங்கள் சாமர்த்தியம். ஷீட் தனியாக ஆக்சிஜனை அளக்காது. குறட்டை விடுபவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டால் காற்று உள்ளே போகாமலே நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும். அசைவைப் பார்க்கும் எந்தக் கருவியும் அதை மூச்சென்று எண்ணி ஏமாறலாம். மருத்துவமனை மானிட்டர்கள் ஈசிஜி ஒயர் வழியாகக் காட்டும் மூச்சு எண்ணிக்கைக்கும் இதே பலவீனம் உண்டு.

கேப்னோகிராப் ஏமாறாது. வெளிவிடும் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அது அளக்கிறது. மூச்சின் முடிவில் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரச அளவு இருந்தால் இயல்பு. மூச்சு நின்ற கணமே திரையில் அலை படுத்துவிடும். விரல் கிளிப்புக்கு அது தெரிய அரை நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டியிருப்பவருக்குப் பல நிமிடங்கள்கூட ஆகலாம்.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டரை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கும் வீடுகள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளில் பலருக்கு டாக்டர் வைக்கும் இலக்கு 88 முதல் 92தான். பார்க்க வந்த மாமன் மச்சான் எல்லோரும் “98 வரலியே, கொஞ்சம் தூக்கி வைங்க” என்று ஆக்சிஜன் ஃப்ளோவைத் திருகிவிட்டுப் போவார்கள். கிளிப்பில் எண் அழகாக ஏறும். உள்ளே கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து, ஆள் தூங்கி வழிந்து, மயக்கத்தில் விழுவார். அந்த நேரத்திலும் கிளிப் 98தான் காட்டிக்கொண்டிருக்கும். அதற்காக வீட்டுக்குக் கேப்னோகிராப் வாங்கச் சொல்லவில்லை. அதன் விலைக்கும் அதைப் படிக்கத் தேவையான பழக்கத்துக்கும் ஐசியூவும் ஆபரேஷன் தியேட்டரும்தான் சரி.

வீட்டில் அந்த இடத்தை நிரப்புவது சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணுவது. இங்கிலாந்து மருத்துவமனைகளில் நோயாளி மோசமாகிறாரா என்று பார்க்க நியூஸ் என்ற மதிப்பெண் முறை உண்டு. அதில் (88 முதல் 92 இலக்கு வைக்கப்படாதவர்களுக்கு) ஆக்சிஜன் 91 அல்லது அதற்குக் கீழே போனால் 3 மதிப்பெண், அதாவது உஷார். மூச்சு நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் போனாலும் அதே 3. ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு. குழந்தைகளுக்கு உலக சுகாதார அமைப்பின் அளவு வேறு: 2 மாதத்துக்குள் 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலே வேகமூச்சுதான். ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும், அதனால் நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பாருங்கள்.

ஆக, இளைப்புக்காரர் உள்ள வீட்டுக்கு என் ஓட்டு, பில்லோடு வாங்கிய விரல் கிளிப்புக்கும் தினம் ஒரே நேரத்தில் எழுதி வைக்கும் நோட்டுக்கும்தான். நோட்டில் ஆக்சிஜனுக்குப் பக்கத்தில் மூச்சு எண்ணிக்கைக்கும் ஒரு பத்தி போடுங்கள். படுக்கையாகிவிட்டால் ஒயர் கருவி அல்லது மெத்தை ஷீட். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் அலாரம் உள்ள ஒயர் கருவி. குறட்டைக்கு இவை எதுவும் வேண்டாம். மூச்சுக் காற்றைப் பார்க்கும் மூக்குக் குழாய், நெஞ்சுப் பட்டை, ஆக்சிமீட்டர் மூன்றும் சேர்ந்த தூக்கப் பரிசோதனையை ஒரு ராத்திரி செய்துகொள்வது மேல்.

கேப்னோகிராப்பைக் குடும்பம் கேட்டே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. தாராபுரத்திலிருந்தோ கோபியிலிருந்தோ தொண்டையில் குழாய் போட்ட நோயாளியைக் கோவைக்கு ஏற்றும்போது, வழியில் ஒரு குலுக்கலில் குழாய் நகர்ந்தால் முதலில் காட்டுவது கார்பன் டை ஆக்சைடு அலைதான். ஆக்சிஜன் எண் பிறகுதான் இறங்கும். கிளம்பும் முன் ஆம்புலன்ஸ்காரரிடம் “ஈடிசிஓ2 மானிட்டர் இருக்குங்களா?” என்று கேளுங்கள்; கேப்னோகிராப்பை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இல்லை என்றால், அனுப்பும் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டே வண்டி ஏறுங்கள்.